பொண்ணு பார்க்குற நாள்ல இன்டர்நெட் நம்பரை மாத்துன கதை

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சி கலைச்செல்வியைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு, சிங்கப்பூர்ல இருக்கிற மாப்பிள்ளைக்குக் கேமராவுல காட்டணும்.

அவ்ளோதான். ஒரு வயரைச் சொருகி, ஒரு பட்டனை அமுக்குனா முடிஞ்சுது.

ரெண்டாயிரத்து ஆறு வாக்குல நடந்தது இது. அரியலூர்ல எங்க வூட்டு முன்ரூம்தான் என்னோட பிரவுசிங் சென்டர். அஞ்சு கம்ப்யூட்டர், சத்தம் போடுற ஒரு ஃபேன், 'செருப்பை வெளியே விடவும்'னு ஒரு போர்டு. எங்க தெருவுல யாருக்கு கம்ப்யூட்டர்ல சந்தேகம்னாலும் என்கிட்டதான் வருவாங்க. அந்தத் திமிருதாங்க எல்லாத்துக்கும் காரணம்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை. போட்டோ பார்த்ததுல ரெண்டு பக்கமும் புடிச்சுப் போச்சு. அவரோட அப்பா அம்மா செட்டிகுளத்துலேருந்து நேர்ல வருவாங்க, அவரு கேமராவுல பார்ப்பாரு, நாலரைக்கு ராகு காலம் வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் சம்மதம் சொல்லிடணும். இதான் ஏற்பாடு.

கலை மட்டும் முந்தின வாரமே என்னைத் தனியா புடிச்சா.

"அண்ணே, நான் இப்பதான் பி.எட். சேர்ந்திருக்கேன். அதை முடிக்கணும், வேலைக்கும் போகணும். அவரு அதுக்குச் சரின்னாதான் நான் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுவேன்."

"அம்மாகிட்ட சொல்லேன்."

"சொன்னேனே! 'பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட கண்டிசன் போடுறியா, வாயை மூடிக்கிட்டு காப்பியைக் குடு'ங்குது. அதனால கேமரா ஓடும்போது நானே டைப் அடிச்சு கேட்டுக்குறேன். பெரியவங்க எல்லாம் படத்தைத்தான் பார்ப்பாங்க. எழுத்தை யாரு படிக்கப் போறாங்க? நீ கீபோர்டை மட்டும் என் கைக்கு எட்டுற மாதிரி வச்சுடு."

எனக்கே உச்சி குளிர்ந்து போச்சு. என்னா மூளை இந்தப் புள்ளைக்கு!

"அண்ணன் இருக்கேன்ல!"ன்னேன்.

நான் இந்த வார்த்தையைச் சொன்னா எங்க வூட்டுல ஏதோ ஒண்ணு ஒடையப் போகுதுன்னு அர்த்தம். பாவம், கலைக்கு அன்னிக்கு அது ஞாபகம் வரலை.

முந்தின நாள் சனிக்கிழமை. பெரம்பலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல செமினார். பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிறவங்களும் வரலாம், மத்தியானச் சாப்பாடு உண்டுன்னு சொன்னாங்க. செமினாருக்காகத்தான் போனேன்னு வச்சுக்குங்களேன்.

புரொபசர் ஒருத்தர் பேசுனாரு. நம்ம வூட்டுக்கு டோர் நம்பர் மாதிரி, இன்டர்நெட்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டாம். அந்த நம்பர் எல்லாம் தீர்ந்துக்கிட்டே வருதாம். பணக்கார நாட்டுக்காரனுங்க முதல் பந்தியில உக்காந்து எலை நெறைய வாங்கிக்கிட்டானுங்களாம். நம்ம பந்திக்கு அண்டாவைச் சுரண்டுற நெலமையாம். அதனால புதுசா, ரயிலு மாதிரி நீளமா ஒரு நம்பர் முறை கண்டுபுடிச்சிருக்காங்களாம்.

"கொள்ளிடத்து மணல் இருக்கே, ஒவ்வொரு பொடிக்கும் ஒரு நம்பர் குடுத்தாலும் மிச்சம் இருக்கும்"னாரு.

லாரி லாரியா அள்ளுறாங்களே, அந்த மணலுக்கும் சேர்த்தா சார்னு பின்னாடி ஒருத்தன் கேட்டான். அதுக்கும் சேர்த்துத்தான்னாரு.

"நம்மள மாதிரி நாடுங்கதான் இதுக்கு முதல்ல மாறணும்"னு சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு. என் பின்னாடி இருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம். நான் என்னையேதான்னு எடுத்துக்கிட்டேன். நாட்டு மானமே என் கையில இருக்கிற மாதிரி ஆயிடுச்சு.

மத்தியானம் சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வறுவல் ரெண்டு தடவை வாங்கினேன். அதுக்கு மேல 'மாறும்போது கவனிக்க வேண்டியவை'ன்னு ரெண்டாவது பாதி. இதுல கவனிக்க என்ன இருக்கு, மாத்த வேண்டியதுதானேன்னு நெனச்சேன். வெளியில வந்தா அரியலூர் பஸ் சீட்டு காலியா நிக்குது. ஏறிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, அம்மா அடுப்படியில கேசரி கிண்டிக்கிட்டிருக்க, நான் முன்ரூம்ல நாட்டை முன்னேத்த ஆரம்பிச்சேன். அஞ்சு மெசின்லயும் புது முறையைப் போட்டேன்.

போட்டதோட விட்டிருக்கலாம்ல? விடலையே! புதுசு வந்தப்புறம் பழசு எதுக்குன்னு பழைய நம்பரை எல்லாம் அழிச்சுத் தள்ளுனேன்.

எனக்கு இது வழக்கம்தான். தெருவுக்கெல்லாம் புது டோர் நம்பர் குடுத்தப்ப, எல்லா வூட்டுலயும் 'புதிய எண், பழைய எண்'னு ரெண்டையும் எழுதி வச்சாங்க. நான் மட்டும் பழசு மேல பெயிண்ட் அடிச்சுட்டேன். பார்க்க நீட்டா இருக்கட்டுமேன்னுதான்.

எல்லாம் முடிச்சுட்டு, நாலாவது கம்ப்யூட்டர்லேருந்து அஞ்சாவதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். டக்குனு பதில் வந்துச்சு! அடடா, அடடா! மாப்பிள்ளைக்கு வேற சிங்கப்பூர்ல நெட்வொர்க் கம்பெனியிலதான் வேலை. அவருகிட்டயே பீத்திக்கலாம்னு மனசுக்குள்ள வசனம் எல்லாம் ரெடி பண்ணிட்டேன்.

அந்த ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே மேசையிலதான் இருக்குன்னு அப்ப எனக்கு உறைக்கலை.

மூணரைக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வூட்டுக்காரங்களைக் காணோம். அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறாரு. சிமெண்ட் ஃபேக்டரியில காலம் பூரா ஷிஃப்ட் பார்த்த மனுசன், அஞ்சு நிமிசம் லேட்டானா அவருக்கு மூச்சு முட்டும்.

"மணி என்னடா?"

அப்புறம் மாப்பிள்ளையோட அப்பா அம்மா ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வந்தாங்க.

"தெருவை ரெண்டு தடவை அளந்துட்டோம் தம்பி"ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா. "தரகரு பழைய நம்பரைக் குடுத்து வுட்டாரு. எல்லா வூட்டுலயும் இருக்கு, உங்க வூட்டுல மட்டும் காணுமே?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில பெயிண்ட் உரிஞ்சு வந்துடும் போல இருந்துச்சு.

கலை பட்டுப் புடவையில, தலை நெறைய மல்லிப்பூவோட வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. கீபோர்டை அவ கைக்கிட்ட நகத்தி வச்சேன். வாக்கு கொடுத்தா காப்பாத்தணும்ல!

பட்டனை அமுக்குனேன். வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு. இதைக் காட்ட முடியலைன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு.

"என்ன தம்பி, வெள்ளை வெளேர்னு இருக்கு? சிங்கப்பூர்ல பனியோ?"ன்னு கேட்டாங்க மாப்பிள்ளையோட அம்மா.

"அங்க ஏதுடி பனி? பேசாம இரு"ன்னாரு அவங்க வூட்டுக்காரரு.

இன்னொரு கம்ப்யூட்டர். வெள்ளை. அடுத்தது. அதுவும் வெள்ளை. வேர்த்துக் கொட்டுது எனக்கு.

"மணி என்னடா?"ன்னாரு அப்பா.

அப்பதான் மண்டையில இறங்குச்சு. உலகமே இன்னும் பழைய நம்பர்லதான் குடியிருக்கு. எங்க வூட்டுக்கு வர்ற லைனுக்கே புது நம்பர்னா என்னன்னு தெரியாது. நான் மட்டும் ரோடு போடாத மனைக்கட்டுல புதுசா வூடு கட்டி, இருந்த வூட்டை இடிச்சுப் போட்டுட்டு, விருந்தாளியை வாங்க வாங்கன்னு கூப்பிடுறேன்!

பழைய நம்பரைத் திரும்பப் போடலாம்னா, அதுல முன்பாதிதான் ஞாபகத்துல இருக்கு. பின்பாதியைத்தான் நீட்டா அழிச்சாச்சே.

கடைசியா மோடத்தையே முதல்லேருந்து தட்டி எழுப்பலாம்னு தோணுச்சு. அதுக்குப் பின்னாடி ஊசி நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும்.

"கலை, ஊக்கு குடு!"

"எந்த ஊக்கு?"

"ஏதாவது ஒண்ணு!"ன்னு சொல்லிக்கிட்டே அவ தோள்ல குத்தியிருந்ததை நானே உருவிட்டேன். மடிப்பு எல்லாம் கலைஞ்சு முந்தானை சரிஞ்சுது. அவ ஒரு கையால அதை அமுக்கிப் புடிச்சுக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மா "ஐயய்யோ"ன்னாங்க. எங்கம்மா கேசரித் தட்டை டொக்குனு வச்சுது.

நான் எதையும் காதுல வாங்கலை. குத்துனேன். மோடத்துல எரிஞ்சுக்கிட்டிருந்த பச்சை விளக்கு எல்லாம் அணைஞ்சு, ஒத்தைச் சிவப்பு விளக்கு வந்துச்சு. இப்ப மோடம் பாஸ்வேர்டையும் மறந்துடுச்சு. புதுசா வாங்கணும்னா டெலிபோன் ஆபீஸுக்குத்தான் போகணும். ஞாயித்துக்கிழமை அங்க யாரு இருப்பா?

கலை மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. "கீபோர்டு கைக்கிட்டதான் இருக்குண்ணே. எதிர்ல ஒரு மனுசன் வேணாமா?"

எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. அந்தப் புள்ளை ஒரே ஒரு கேள்விக்காகத்தானே என்னை நம்புச்சு.

அந்த நேரம் பார்த்து வூட்டு போன் அடிச்சுது. நல்லவேளை, அதோட நம்பரை நான் மாத்தலை.

மாப்பிள்ளைதான். "எவ்ளோ நேரமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன், யாரையும் காணுமே? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சுங்க"ன்னாரு.

"ஸ்பீக்கரைப் போடுடா, எல்லாரும் கேக்கட்டும். பொண்ணு ரெண்டு வார்த்தை பேசட்டும்"னுச்சு அம்மா. போட்டேன்.

கலை போன்கிட்ட வந்து நின்னா. ஒரு கை தோள் மேல. என்னை ஒரு முறை முறைச்சா. அந்தக் கோவத்துல வெக்கம் எங்க போச்சுன்னு தெரியலை. டைப் அடிக்க வேண்டியதை வாய் வுட்டே கேட்டுட்டா.

"நான் கலைச்செல்வி பேசுறேன். நான் பி.எட். முடிக்கணும். முடிச்சுட்டு வேலைக்கும் போவேன். உங்களுக்குச் சம்மதமா?"

"ஏண்டி!"ன்னுச்சு அம்மா.

மாப்பிள்ளையோட அப்பா வாய்க்குக் கொண்டு போன பஜ்ஜி பாதியிலயே நின்னுச்சு.

"தாராளமா படிங்க"ன்னாரு மாப்பிள்ளை. "நீங்க கேக்கலைன்னா நானே கேட்டிருப்பேன், மேல படிக்கிறீங்களான்னு. எங்க அப்பா முன்னாடி இவ்ளோ தெளிவா பேச எனக்கே வராதுங்க."

கலை சிரிச்சா. அன்னிக்குப் பூரா அப்பதான் சிரிச்சா. அம்மாவைப் பார்த்து, சரின்னு தலையாட்டுனா.

எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. வந்த உசிரு அப்படியே இருந்திருக்கலாம்.

"மச்சான் இருக்காரா?"ன்னாரு மாப்பிள்ளை. மச்சான்னுட்டாரு! "நெட்டுக்கு என்னாச்சு மச்சான்?"

பீத்திக்கிறதுக்கு வச்சிருந்த வசனத்துல மிச்சத்தைச் சொன்னேன். நேத்து செமினார் போனதையும், புது முறைக்கு மாறிட்டதையும், பழசை அழிச்சதையும்.

"பழசை ஏன் அழிச்சீங்க? ரெண்டும் சேர்ந்தே ஓடணும். எங்க கம்பெனியிலயே இன்னும் அப்படித்தான் ஓடுது. நேத்து செமினார்ல சொல்லியிருப்பாங்களே?"

"அது வந்து... சாப்பாட்டுக்கு மேல சொல்லியிருப்பாங்க போல."

"நீங்க?"

"பஸ் வந்துடுச்சு."

சிங்கப்பூர்லேருந்து விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம், ஸ்பீக்கர்ல, தெருவுக்கே கேக்குற மாதிரி.

"வறுவல் நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தாங்க வந்து சொன்னான்"னு அம்மா சபையில போட்டு உடைச்சுது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தாரு. "ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க சொல்லுங்க சம்பந்தி."

மாப்பிள்ளையோட அப்பா பஜ்ஜியைத் தட்டுல வச்சாரு. கலையைப் பார்த்தாரு. அப்புறம் என்னை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை நிதானமா பார்த்தாரு.

"பொண்ணு படிக்கட்டும்ங்க. சாப்பாட்டுக்கு மேலயும் உக்காந்து, முழுசா படிச்சு முடிக்கட்டும்."