முதுகுவலிக்காக வாங்கிய பை

அழகுசுந்தரத்துக்கு முதுகுவலி தை மாதத்தில் மட்டும்தான் வரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் கிளம்பும்போது பிடிக்கும். அவர்கள் விபூதியும் பஞ்சாமிர்தமுமாகத் திரும்பியதும் விட்டுவிடும். மும்பை வேலையை உதறிவிட்டுக் காரைக்குடிக்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இந்த வருஷம் அவர் மனைவி தேனம்மை, "வாயால சொன்னா செல்லாது. வலியைக் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

பார்க்கட்டுமே! அவர்கள் கூட்டத்தில் வண்டி கிடையாது. அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வேண்டும். ஆகவே பழைய சாமான் கடையில் இருப்பதிலேயே முரட்டுப் பையாக ஒன்று வாங்குவது, கனமாக எதையாவது திணிப்பது, வளவு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுவது. திட்டம் அவ்வளவுதான். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தது ஒரு பட்டாளத்துப் பை. அதற்குள் அம்மிக்குழவியை இறக்கினார்.

"குழவியா? பழனியில சட்னி அரைக்கப் போறீகளா?"

"கனம் தெரியணும்ல."

"சரிதான். பட்டாளத்துப் பைன்னு கடைக்காரன் சொன்னானாக்கும். நீங்களும் நம்பிட்டீக."

சுருக்கென்றது அவருக்கு.

"நம்புறதா? இங்குட்டு வா. போலின்னா 'ஆர்மி'ன்னு வெளியில பெருசா அச்சடிச்சிருப்பான். இதுல பாரு, மூடிக்கு உள்பக்கம், மங்கலா ஒரு அம்புக்குறி, பட்டாளத்து முத்திரை. கீழ நம்பர். கொக்கி பித்தளை, பச்சை பூத்திருக்கு. தையல் ரெட்டைத் தையல், இழுத்துப் பாரு."

தேனம்மை இழுத்தாள். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

"அட, ஆமா! முதுகுப் பக்கம் என்ன, கட்டில் சட்டம் மாதிரி கம்பி?"

"மலையேறுற சிப்பாய்க்குச் செஞ்சது. துணி முதுகுல ஒட்டாது, காத்துப் போகும்."

"இடுப்புல பட்டை எதுக்கு? அழகுக்கா?"

"மாட்டி நடந்தாத்தானே தெரியும்!"

மாட்டினார். நடந்தார். ஒரு சுற்று முடிந்தது. உட்கார வேண்டிய இடம் வந்தது. பட்டையின் மேல் இருந்த ஞாபகத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

"படியேறுனா ஒருபக்கமாச் சரியாதா?" என்றாள் தேனம்மை.

அதே சந்தேகம் அவருக்கும் இருந்தது. மாடிப்படி முழுவதும் ஏறினார். மேலே தூணைப் பிடித்து எட்டிப் பார்த்து, "சரியலை, தேனு!" என்று இமயமலையிலிருந்து கூவுகிறவர் மாதிரி கூவினார். பிறகு தடதடவென்று இறங்கி வந்தார்.

"சூட்சுமமே பட்டையிலதான்! பாரம் பூரா இடுப்புக்குப் போயிருது. முதுகுக்கு ஒண்ணுமே தெரியலை!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அதற்குள் தேனம்மை, யாத்திரைக்கு ஆள் சேர்க்கிற மீனலோசனி ஆச்சியைப் போனில் பிடித்துவிட்டாள். "ஆச்சி, இவுகளும் வாராக... முதுகா? குழவியோட மாடி ஏறி இறங்கிட்டாக, ஆச்சி. மூச்சுக்கூட வாங்கலை."

"இப்ப லேசா வலிக்கிற மாதிரி..." என்று இழுத்தார்.

அவள் கொக்கியை அவிழ்த்து, குழவியை வெளியே எடுத்து வைத்தாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது சின்னப் பைதான். உங்க வேட்டி துண்டுக்கே சரியாப் போயிரும்."

"யாரு சொன்னா?" அழகுசுந்தரத்துக்கு மறுபடி சுருக்கென்றது. "பக்கப் பையில மட்டும் உன் சேலை ரெண்டு தாராளமாக் கொள்ளும்!"

தேனம்மை நாலு எடுத்து வந்தாள்.