ஓநாயிடம் தினமும் சாகப் போன பெரட்டு அண்ணன்

கொட்டகலையில் தொடங்கி பட்டிப்பொல வரைக்கும் எத்தனை தேயிலைத் தோட்டம் உண்டோ அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், பெரட்டு அண்ணன் அளவுக்குச் செத்த மனிதர் ஒருவரைக் காட்ட முடியாது. எனக்குத் தெரிந்த ஒன்றரை வருஷத்தில் மட்டும் முந்நூறு நானூறு தடவை செத்திருப்பார். பெரும்பாலும் ஓநாய் கடித்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. செத்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, லொறியை ஸ்டார்ட் பண்ணி, கொழுந்து மூட்டைகளோடு ஃபெக்டரிக்குப் போய்விடுவார்.

வாசகர்கள் பதற வேண்டாம். செத்ததெல்லாம் போனுக்குள்ளே. ஊர் உலகத்து ஆட்களெல்லாம் ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டு அது. பெயர் என் வாயில் நுழையாது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாள் உண்டு, மந்திரம் உண்டு, பறக்கிற குதிரைகூட உண்டு என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வேலை ஒன்றுதான். ஒரே ஓநாயை நூறு தடவை அடிக்க வேண்டும், ஒரே மூலிகையை இருநூறு தடவை பறிக்க வேண்டும். அப்போது லெவல் ஏறும். ஏறினால் அடுத்த ஊரில் இன்னும் கொஞ்சம் பெரிய ஓநாய் நிற்கும்.

நான் அப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் டவுனுக்கு வர பஸ் கிடைக்காது. கொழுந்து லொறிதான் கதி. சாயங்காலம் நாலரைக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் லொறி நிற்கும். அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னலும் நிற்கும். டிரைவரான அண்ணன் ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து, பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற கண்டிப்போடு கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர்?"

"வந்துட்டேன்ணே."

"இரும்புக்கட நானா?"

பஜாரில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, தன் போனிலிருந்து ஒரு வாள் படம் அனுப்புவார். வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மாலா?"

இந்தப் பெயருக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். "ஆ, வந்துட்டா" என்பார். லொறிக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். தோட்டம் முழுக்க அவருக்குப் பெரட்டு என்று பெயர் விழுந்தது இப்படித்தான். சொந்தப் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலா அண்ணி அவருடைய சம்சாரம். ராகலைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு, குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போனவர். அந்த வீட்டு மேடத்துக்குப் பேச்சுச் சத்தம் ஆகாது. மாசம் ஒரு தடவைதான் போன் கோல் எடுக்க விடுவார். ஆனால் மத்தியானம் சாப்பிட்டு வீடே தூங்குகிற நேரத்தில் நாற்பது நிமிஷம் அண்ணியிடம் போன் இருக்கும். இங்கே நாலரை என்றால் அங்கே இரண்டு மணி. சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து அண்ணி அந்த விளையாட்டுக்குள் வருவார். அதில் அவருக்கு அக்கவுண்ட் ஆரம்பித்துக் கொடுத்தவன் நான்தான்.

இரண்டு பேரும் அதில் பேசிக்கொள்வது குறைவு. அண்ணிக்கு எழுத்து தேடித் தட்டவே நேரம் போய்விடும். பச்சையாக ஒரு புல்வெளி. அண்ணி மூலிகை பறிப்பார். அண்ணன் பக்கத்தில் நிற்பார். அவ்வளவுதான். கொழுந்து எடுக்கிற வேலை வேண்டாமென்று கடல் தாண்டிப் போனவர், ஓய்வு கிடைத்தால் போனில் இலை பறிக்கிறாரே என்று நான் சிரித்தேன். "கைக்கு அதுதான் பழக்கங்க மாஸ்டர். மனசு அடங்குதாம்" என்றார் அண்ணன்.

இனி சாவுக்கு வருவோம். அந்தப் புல்வெளியில் ஓநாய்கள் திரியும். அண்ணியை நோக்கி ஒன்று வந்தால் அண்ணன் அடிப்பார். அடித்தால் இவருடைய லெவல் ஏறும். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று லெவலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரே களத்தில் நிற்க முடியாது என்பது விளையாட்டின் சட்டம். செத்தால் கொஞ்சம் இறங்கும் என்பது இன்னொரு சட்டம். ஆகவே அண்ணி போனை மூடியதும், இவர் ஏறியதை இறக்குவதற்காக வாளைக் கீழே போட்டுவிட்டு ஓநாய்க் கூட்டத்துக்குள் போய்க் கைகட்டி நிற்பார். உலகத்தில் எல்லோரும் ஏறுவதற்காக ஆடுகிற ஆட்டத்தில், ஏறாமல் இருப்பதற்காக உயிரைக் கொடுத்த ஒரே ஆள் அவர்.

ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேரும் அதே புல்வெளியில்தான் இருந்தோம். ஒரு நாள் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். தன் நிரையை முடித்தவர் சும்மா நிற்க மாட்டார். பிந்தி வருகிறவரின் நிரைக்குள் எதிர்ப்பக்கமாக இறங்கி, கைகொடுத்து எடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து மடுவத்துக்குப் போவார்கள்.

"மாலாதான் பிந்திப் போறா. எல்லாரும் அவ நெறையில எறங்குங்க" என்று உத்தரவு போட்டார்.

இறங்கினோம். நானா தன் கடையில் ஆள் நிற்க நிற்க எடுத்தார். பத்து நிமிஷத்தில் புல்வெளியை மொட்டையடித்துவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, யார் கையால் பறிக்கிறோமோ மூலிகை அவருக்கே போகும். அண்ணிக்குப் பறிக்க ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய நாற்பது நிமிஷத்தில் மூன்றே மூன்று செடி. வெறும் தரையில் நின்றுகொண்டு, "ஏங்க, என் நெறைய ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று தட்டி அனுப்பினார். அதை அண்ணன் லொறியில் எனக்கு வாசித்துக் காட்டும்போது மடுவத்தில் நிறுவைக்கு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை செத்தார்.

அதற்குப் பிறகு நானும் நானாவும் மேல் ஊர்களுக்குப் போய்விட்டோம். நாற்பது லெவல் தாண்டிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. இந்தத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை தேவையே இல்லை, ஆளைப் பிடித்து வைக்க விளையாட்டுக்காரன் செய்கிற சூழ்ச்சி என்று நானாவின் கடையில் நின்று பிரசங்கம் செய்வேன். ஆணி நிறுத்துக்கொண்டே நானா தலையாட்டுவார்.

"மெய்தான் மாஸ்டர். ஒரே ஓநாய நூறு தரம் அடிச்சி என்னத்துக்கு? ஒரு தரம் அடிச்சா அதுக்கும் வெளங்கும், நமக்கும் வெளங்கும்."

அண்ணனிடமும் அதையே சொன்னேன். கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்க வாய்ப்பாட்ட பிள்ளைங்களுக்கு ஒரு தடவதான் சொல்லிக் குடுப்பீங்களா?"

"அது படிப்புண்ணே. இது வெட்டி வேலை."

"கொழுந்து எடுத்து முடிஞ்சிருச்சுன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா மாஸ்டர்? ஏழாம் நாள் மறுபடி அதே மலைதான். பக்கத்துல ஆள் இருந்தா நாள் போகும். இல்லாட்டி ஒரு மணி நேரமும் போகாது."

நான் படித்தவன் அல்லவா, சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விளையாட்டில் கையே வைக்காமல் தானாக அடிக்கவும் பறிக்கவும் ஒரு குறுக்கு வழி இருந்தது. ஒரு செயலியைப் போட்டுவிட்டு போனை மேசையில் வைத்துவிட்டால் போதும், ஏறிக்கொண்டே போகும். பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறையோடு சேர்ந்த இரண்டு நாள், குவைத் வீட்டில் விருந்தாளிகள், அண்ணிக்குப் போன் கிடையாது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அண்ணியின் பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது. அவரை மேலே ஏற்றிவிட்டால் அண்ணனும் ஏறலாம், இந்தச் சாவெல்லாம் வேண்டாம், நாலு பேரும் மறுபடி ஒன்றாகலாம் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைக்கிறவன் கேட்பதில்லை. பதினாலில் இருந்த அண்ணியை இரண்டே நாளில் இருபத்தேழுக்குக் கொண்டுபோய் ஒரு கல்மலை உச்சியில் நிறுத்தினேன்.

திங்கட்கிழமை நாலரைக்கு அண்ணன் பெயர் கூப்பிட்டார். மாலா என்றார். பச்சைப் புள்ளி விழுந்தது. புல்வெளியில் ஆளைக் காணவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இருபத்தேழு என்று இருந்தது. அண்ணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இது அவ இல்ல. அவ போன யாரோ புடுங்கிட்டாங்க. அவளுக்கு என்னமோ ஆயிருச்சு."

அந்த நிமிஷம் என் பெருமையெல்லாம் காற்றில் போய்விட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்காதானே? அவ நல்லாத்தானே இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

நான் அவசரமாக வழி சொன்னேன். விளையாட்டுக்குள் கடிதம் போடலாம், அது எந்த லெவலுக்கும் போய்ச் சேரும். "அண்ணி அங்கேயே நாலஞ்சு நாள் செத்தா கீழ எறங்கிரலாம். சாகச் சொல்லி எழுதுங்க அண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவள சாவுன்னு நான் எழுதணுமா?"

"விளையாட்டுலதானே அண்ணே. நீங்க தினம் சாகுறீங்களே."

"நான் சாகுறது வேறங்க மாஸ்டர். எப்படிப் போறியோ அப்படியே வந்து சேரணும்னு எயார்போர்ட்டுல சொல்லி அனுப்பிச்சவன் நான். அந்தக் கையால இத எழுத வராது."

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்த பெண்களின் வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அண்ணிக்கு ஒரே வரி எழுதினார். 'வந்துக்கிட்டு இருக்கேன்.'

பதினாலிலிருந்து இருபத்துநாலுக்காவது ஏறினால்தான் அந்தக் கல்மலைக்குள் விடுவார்கள். நானும் நானாவும் அதற்கு மேலே போய்விட்டவர்கள், எங்களையும் விடாது. அதே குறுக்கு வழியை அண்ணனுக்கும் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"மெஷின் போய் அவ பக்கத்துல நின்னா, அது நான் நிக்கிறதா ஆகுமா?"

அன்றிலிருந்து சாகிறதை நிறுத்திவிட்டு அடிக்க ஆரம்பித்தார். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை, மூன்று வேளையும் லொறி மேட்டில் நிற்கிற நேரமெல்லாம் ஓநாய். ஓநாய் முடிந்து கரடி. ஃபெக்டரிக்குக் கொழுந்து பிந்தி வந்ததற்கு டீமேக்கர் சத்தம் போட்டார். "கரடி வந்துருச்சுங்க ஐயா" என்று அண்ணன் உண்மையைச் சொல்ல, எந்த மலையில் என்று கேட்டு அவர் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். மடுவத்துப் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே விசாரிப்பார்கள்.

"அண்ணே, மாலாகிட்ட போக இன்னும் எத்தன?"

"அறநூறு இருக்கு தங்கச்சி."

"அடிங்கண்ணே அடிங்க. நாங்க மெதுவா நிறுவைக்குக் குடுக்கிறோம்."

உண்மையாகவே மெதுவாகத்தான் நிறுவைக்குக் கொடுத்தார்கள். நிறுக்கிறவருக்குக் கோபம் வந்தும் பயனில்லை.

கை வலித்தால் சட்டையில் தேய்த்துக்கொள்வார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னேன். என்னால் முடிந்தது அதுதான். பத்தொன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் நாலரைக்குப் பச்சைப் புள்ளி விழும், நாற்பது நிமிஷம் கழித்து அணையும். அண்ணியிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை, அங்கே என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இதற்குள் பழகி இன்னும் மேலே போய்விட்டிருந்தால் அண்ணன் என்ன ஆவார் என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் இருபத்தேழிலேயே நின்றது.

பத்தொன்பதாம் நாள், அந்தி நிறுவை முடிகிற நேரம், அண்ணனுக்கு இருபத்துநாலு ஆனது. கல்மலையின் கதவு திறந்தது. புல் இல்லை, செடி இல்லை, சாம்பல் நிறத்தில் பாறைதான். நான் கொண்டுபோய் விட்ட அதே பாறையின் நுனியில், நான் விட்ட அதே திசையைப் பார்த்தபடி அண்ணி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றார்.

வெகுநேரம் கழித்து அண்ணியின் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

'கால எடுத்து வச்சா இன்னும் மேல போயிருமோன்னு பயமா இருந்துச்சு. தொட்டா ஏறிரும்னு ஒண்ணயும் தொடல. இங்கயே நின்னேன்.'

பத்தொன்பது நாள். ஒரு நாளைக்குக் கிடைத்த நாற்பது நிமிஷத்தையும், பறிக்க ஒரு செடி இல்லாத பாறையில், அசையாமல். வேறொரு வீட்டின் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு.

அண்ணன் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே மலையைப் பார்த்தார். நான் மெல்ல இறங்கி, மழைத் தூறலில் மடுவத்துச் சுவரோரம் போய் நின்றேன். அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்கு இடமில்லை என்று அன்றைக்காவது புரிந்தது.

அண்ணி போனை வைத்ததும் அவர் கதவைத் தள்ளித் திறந்தார். "ஏன் மாஸ்டர் நனையிறீங்க, ஏறுங்க" என்றார். ஏறினேன். டவுன் வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் பார்க்காத மாதிரி, ரோட்டையே பார்த்து ஓட்டினார்.