பானட்டுக்குள்ள நான் கட்டின படிகாரம்

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போகணும். அவங்க பார்த்துட்டு ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிச்சுத் தருவாங்க. திரும்பி வரணும். வீட்டுல இருந்து மூணே கிலோமீட்டர்.

பருப்பை வேகவச்சு இறக்கிட்டு, வந்து தாளிச்சுக்கலாம்னு கிளம்பினேன்.

காரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க வீட்டுக்காரர் பொறக்கிறதுக்கு முன்னாடியே பொறந்த காரு அது. கேம்ப்ங்கிற ஏரியாவுல ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டு வாசல்ல சும்மா நின்னுக்கிட்டு இருந்ததை இவரு பார்த்து, பேசி, வாங்கி, நாங்க இருக்கிற விஷ்ராந்த்வாடிக்குக் கொண்டுவந்துட்டாரு. கியர் கீழே இருக்காது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துலேயே ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத்தான் மேலயும் கீழயும் தள்ளணும். முதல் தடவை பார்த்தப்போ நான் அதை வைப்பர் சுவிட்சுன்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை குழந்தையைக் குளிப்பாட்டுங்கன்னு சொன்னா, காரைக் குளிப்பாட்டிட்டு வந்து நிப்பாரு. அப்படி ஒரு பாசம்.

அந்தக் காருக்குத்தான் இப்ப ஆபத்து. பேப்பர் காலாவதி ஆகப் போகுது. சனிக்கிழமைக்குள்ள புதுப் பேப்பரைக் காட்டலைன்னா வண்டி காம்பவுண்டுக்குள்ள நிக்கக் கூடாதுன்னு எங்க சொசைட்டி செக்ரட்டரி சொல்லிட்டாரு. வெளிய நிறுத்த எங்களுக்கு இடம் கிடையாது. பழைய இரும்பு எடுக்கிற ஆளு ஒருத்தர் ஏற்கனவே ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு. வீட்டுக் கதவை இல்ல. காரோட கதவை.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. லீவு போட்டுட்டு இவரு ஆறு மணியில இருந்து துடைச்சாரு. கராடியில பெரிய கட்டடம் ஒண்ணுக்கு ஏ.சி. மெஷின் பாக்குற வேலை இவருக்கு. அத்தனை மாடிக்கும் குளிர் அனுப்புறவரு, ஒரு காரை மூணு கிலோமீட்டர் கொண்டுபோக மாட்டாரான்னு நானும் தைரியமா இருந்தேன்.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் கீழ் வீட்டு காகூ காரைச் சுத்தி வந்து, "கிதி சான்!"னு கன்னத்துல கை வச்சுட்டாங்க. மராத்தியில எவ்வளவு அழகுன்னு அர்த்தம். காகூ நல்லவங்கதான். எங்க ஊர்ல அத்தைன்னு கூப்பிடுற மாதிரி அவங்களை காகூன்னு கூப்பிடுறோம். ஆனா போன மாசம் என் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தும் அவங்க இதையேதான் சொன்னாங்க. அந்தச் செடி இப்ப இல்ல.

எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல. காலையில ஒரு படிகாரக் கட்டியைக் கருப்புக் கம்பளிக் கயித்துல கோத்து எடுத்துக்கிட்டேன். எங்க ஊருப் பக்கம் வண்டி வாங்கினா முன்னாடி கட்டித் தொங்கவிடுவோமே, அதேதான். ஆனா பம்பர்ல கட்ட இவரு விடமாட்டாரு. பளபளப்பு போயிரும், கீறல் விழும்பாரு. அதனால இவரு குளிக்கப் போன நேரத்துல பானட்டைத் தூக்கி, உள்ள வசதியா நீட்டிக்கிட்டு இருந்த ஒரு கம்பியில கட்டி, பானட்டை மூடிட்டேன்.

யாரும் பார்க்கல. எங்க யாழினி மட்டும் பார்த்தா. மூணு வயசு. அவளுக்கு ஒரு பிஸ்கட் குடுத்துச் சரிக்கட்டிட்டேன்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். முதல் கியர் அருமையா விழுந்துச்சு. "பார்த்தியா, வெண்ணெய் மாதிரி போகுது"ன்னாரு.

அப்புறம் ரொம்ப நேரம் வெண்ணெய் மாதிரியே போனோம். அதே முதல் கியர்லயே.

"என்னங்க, மெதுவாப் போறோமோ?"

"இன்ஜின் சூடாகணும். உனக்குத் தெரியாது."

சைக்கிள்ல ஒருத்தர் தாண்டிப் போனாரு. அப்புறம் கொத்தமல்லி விக்கிற தள்ளுவண்டிக்காரர் தாண்டிப் போனாரு. போறப்ப ஜன்னல் வழியா, கொத்தமல்லி வேணுமான்னு கேட்டாரு. வாங்கியிருக்கலாம். நேரம் இருந்துச்சு.

முன்னாடி ஒரு சந்திப்பு வந்துச்சு. இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டாவது கியருக்குத் தள்ளினாரு. கம்பி முதல்ல சாம்பார்ல விட்ட கரண்டி மாதிரி லொடலொடன்னு ஆடுச்சு. அடுத்த நொடி கல்லு மாதிரி நின்னுருச்சு. முதலும் இல்ல, ரெண்டும் இல்ல, நியூட்ரலும் இல்ல. நாலு ரோடு கூடுற இடத்துல, நட்ட நடுவுல நிக்கிறோம்.

பின்னாடி ஹாரன். எனக்கு யாராவது நிமிர்ந்து பார்த்தாலே வியர்த்துரும். இப்ப ஒரு சந்திப்பே என்னைப் பார்க்குது. யாழினியை மடியில தூக்கி வச்சு அவ முதுகுக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

பழைய காரு நின்னா கூட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆட்டோக்காரர் ஒருத்தர் வந்து, "கிளச் போச்சு"ன்னாரு. ஹெல்மெட்டைக் கழட்டாத ஒரு பெரியவர், "கிளச்சை ரெண்டு தடவை மிதிக்கணும், எங்க அப்பா அப்படித்தான் ஓட்டுவாரு"ன்னாரு. இவரு ரெண்டு தடவை மிதிச்சாரு. மூணு தடவை மிதிச்சாரு. அப்புறம் மிஷின்ல துணி தைக்கிறவர் மாதிரி விடாம மிதிச்சாரு. கம்பி அசையல.

பூ வாங்கப் போன ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "வண்டிக்குப் பூஜை போட்டுத்தானே எடுத்தீங்க?"ன்னு இந்தியில கேட்டாங்க.

அப்பத்தான் எனக்குக் காலையில கட்டின படிகாரம் ஞாபகம் வந்துச்சு. நான் கயிறு கட்டினது ஸ்டீயரிங் இறங்குற பக்கம். கியர் கம்பியும் அந்த ஸ்டீயரிங்லதான் இருக்கு. போச்சு. நான்தான் கியரைக் கட்டிப் போட்டிருக்கேன்.

மணி பத்தே கால். சொல்லலாமா வேணாமா? சொன்னா நடுரோட்டுல மானம் போகும். சொல்லலைன்னா காரு போகும்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா."

"இப்ப வேணாம்."

"கியரைப் பத்தி."

"கியரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதான் கட்டிட்டேன்."

இவரு கிளச்ச மிதிக்கிறதை நிறுத்தினாரு. "எதைக் கட்டின?"

யாழினி முந்திக்கிட்டா. "அம்மா உள்ள கல்கண்டு கட்டுச்சு. எனக்கு பிஸ்கட் குடுத்துச்சு."

இறங்கிப் போய் பானட்டைத் திறந்தாரு. கருப்புக் கயித்தோட படிகாரத்தை ஒரு போட்டோ எடுத்தாரு. எதுக்குன்னு கேட்டேன். "உங்க அண்ணனுக்கு அனுப்ப"ன்னாரு. அப்புறம் கயித்தை அறுத்து, எலியை வாலைப் பிடிச்சுத் தூக்குற மாதிரி மேல தூக்கிக் காட்டினாரு.

கூட்டம் சிரிச்சுது. ஆட்டோக்காரர் விசாரிச்சு, விஷயம் தெரிஞ்சு, ரெண்டு ஆட்டோ தள்ளி நின்ன அவர் கூட்டாளிக்கும் சத்தமாச் சொன்னாரு.

இவரு நல்லாப் பேசினாரு. ஒரு மெஷினுக்குள்ள எது எதுன்னு தெரியாம கை வைக்கலாமா, நான் உன் மிக்சிக்குள்ள என்னைக்காவது எலுமிச்சம்பழம் கட்டினேனா, காகூ கண்ணு பட்டுத்தான் செடி செத்துச்சா, நீ தண்ணி ஊத்தாம செத்துச்சா. பத்து நிமிஷம். நான் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். தண்ணி விஷயம் உண்மைதான்.

அப்புறம் கெத்தா ஏறி உட்கார்ந்து கிளச்சை மிதிச்சுக் கம்பியைத் தள்ளினாரு.

அசையல.

கூட்டம் சிரிக்கல. அதுக்குப் பாவமாப் போச்சு.

வேற வழியில்லாம மெக்கானிக் ரஃபீக் பாய்க்கு போன் போட்டாரு. இந்த மாதிரிப் பழைய வண்டிங்கன்னா அவருதான். ஸ்பீக்கர்ல போட்டாரு. பாய் முதல்ல கேட்டது, "உள்ள போட்டோ எடுத்து அனுப்புங்க." எங்க அண்ணனுக்குன்னு எடுத்தது தயாரா இருந்துச்சு. அதையே அனுப்பினாரு.

அப்புறம் பாய் கேட்டாரு. "அந்தக் கயிறு என்ன?"

"என் வீட்டுக்காரி கட்டினது பாய். அதுலதான் கியர் மாட்டிக்கிச்சு."

"அது ஹாரன் மாட்டுற கம்பியில கட்டியிருக்கு. கியருக்கும் அதுக்கும் ஒரு முழம் தூரம். கயிறு ஒரு தப்பும் பண்ணல. பாபி பாவம். போன மாசமே புஷ் தேஞ்சிருச்சு, மாத்தணும்னு உங்ககிட்ட சொன்னேனே, மாத்தினீங்களா?"

பாபின்னு பாய் சொன்னது என்னைத்தான், அண்ணின்னு அர்த்தம். இவரு வானத்தைப் பார்த்தாரு. மேகம் ஒண்ணும் இல்ல.

"போன மாசமே சொன்னாரா?"ன்னு கேட்டேன்.

"முதல்ல வண்டியைக் கவனிப்போம்"ன்னாரு.

பாய் சொன்னது இதுதான். ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில, பானட்டுக்குள்ள, ரெண்டு சின்னக் கை மாதிரி இரும்பு இருக்கும். ஒண்ணு ஒரு ஜோடி கியருக்கு, இன்னொண்ணு இன்னொரு ஜோடிக்கு. அதுக்கு நடுவுல இருக்கிற புஷ்ங்கிற வளையம் தேஞ்சதால ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி மாட்டிக்கிச்சு. இன்ஜினை ஆஃப் பண்ணி, ஒருத்தர் கிளச்ச மிதிச்சுக்கிட்டு இருக்கணும், இன்னொருத்தர் அந்த ரெண்டையும் கையால இழுத்து ஒரே நேருக்குக் கொண்டுவரணும். அவ்வளவுதான்.

நான் கிளச்சுல உட்கார்ந்தேன். இவரு கையை விட்டாரு. மணிக்கட்டுக்கு மேல போகல. இந்தப் பக்கமா விட்டாரு, அந்தப் பக்கமா விட்டாரு. வாட்சைக் கழட்டிட்டு விட்டாரு. வெளிய எடுத்தப்போ முழங்கை வரைக்கும் கறுப்பு, நடுவுல ரெண்டு சிராய்ப்பு.

"உன் கை போகும்"ன்னாரு என்னைப் பார்த்து.

"நான் மெஷினுக்குள்ள எது எதுன்னு தெரியாம கை வைக்கக் கூடாதுங்களே."

"செல்வி, மணி பத்தே முக்கால்."

இறங்கினேன். அத்தனை பேருக்கு முன்னாடி. துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு, வளையலை மேல ஏத்திக்கிட்டு கையை விட்டேன். முறுக்கு அச்சுக்குள்ள ஒட்டின மாவை வழிக்கிற அளவுக்கு இடம் இருந்துச்சு. எனக்கு அது போதும். போன்ல பாய், "இழுங்க பாபி, மேல இல்ல, உங்க பக்கமா"ங்கிறாரு. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன். 'டொக்'குன்னு ஒரு சத்தம்.

உள்ளருந்து இவரு கத்தினாரு. "நியூட்ரல் வந்துருச்சு!"

கூட்டம் கை தட்டுச்சு. நான் ஓடிப் போய் காருக்குள்ள உட்கார்ந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டேன்.

பதினொண்ணு அஞ்சுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஸ்பெக்டர் சாஹேப் லைட்டு பார்த்தாரு, பிரேக் பார்த்தாரு, ஹாரன் அடிச்சுப் பார்த்தாரு. எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. இவரு முகத்துல சிரிப்பு வந்துச்சு. கடைசியா, "முன்னாடி போய் ரிவர்ஸ்ல வாங்க"ன்னாரு.

முன்னாடி போனோம். ரிவர்ஸ்ல வரல. அதே கரண்டி லொடலொட, அப்புறம் அதே கல்லு.

இவரு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். யோசிச்சிருந்தா நான் இறங்கியிருக்கவே மாட்டேன். யோசிக்க நேரமில்ல. இறங்கினேன். யாழினி இடுப்புல இருக்கா, ரெண்டு கையும் வேணும். பக்கத்துல நின்னது இன்ஸ்பெக்டர் மட்டும்தான். "சாப், பக்டோ"ன்னு குழந்தையை அவர் கையில குடுத்துட்டு பானட்டைத் தூக்கினேன்.

டொக்.

பானட்டை மூடிட்டுத் திரும்பினா, யாழினி அவர் பேனாவை வாயில வச்சிருக்கா. அவரு குழந்தையை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாம கோயில் குடம் மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் கறுப்புக் கையோட நிக்கிறேன். யாரு யாரை எப்படி வாங்கிக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

இவரு ரிவர்ஸ்ல அழகா வந்து நிறுத்திட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இறங்கினாரு.

இன்ஸ்பெக்டர் இவர்கிட்ட மராத்தியில ஏதோ நிதானமாப் பேசினாரு. எனக்கு 'பாய்கோ'ங்கிற வார்த்தை மட்டும் புரிஞ்சுது. பொண்டாட்டின்னு அர்த்தம். அவரு சிரிக்கல. பக்கத்துல நின்ன எல்லாரும் சிரிச்சாங்க.

"என்னங்க சொன்னாரு?"

கார்ல ஏறினப்புறம்தான் இவரு சொன்னாரு. "ஃபார்ம்ல லைட்டுக்குக் கட்டம் இருக்கு, பிரேக்குக்குக் கட்டம் இருக்கு. உங்க பொண்டாட்டியை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு கேட்டாரு."

"பாஸா, ஃபெயிலாங்க?"

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. கியரை வண்டியே மாத்தணுமாம். நீ மாத்தக் கூடாதாம்."

திரும்பி வர்ற வழியில ரெண்டு தடவை இறங்கினேன். ரெண்டாவது தடவை அந்த ஆட்டோக்காரர் சந்திப்புல இருந்தே, "பாபி, சீக்கிரம்"னு வழி விட்டு நின்னாரு. நான் இந்தியில, சரிண்ணேன்னு பதில் சொன்னேன். "ஹாங் பையா." விஷ்ராந்த்வாடிக்கு வந்து நாலு வருஷத்துல, அந்த அவசரத்துல சொன்ன 'பக்டோ'வை விட்டா, வெளியாளுகிட்ட நான் சத்தமாப் பேசின முதல் வார்த்தை அதுதான்னு நினைக்கிறேன்.

வியாழக்கிழமை ரஃபீக் பாய் எங்கயோ தேடிப் பிடிச்சுப் புது புஷ் போட்டுக் குடுத்தாரு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்துச்சு. இதுக்காகவா நாங்க இவ்வளவு பாடுபட்டோம்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

வெள்ளிக்கிழமை இவரு தனியாப் போனாரு. மதியம் பேப்பரோட வந்து, செக்ரட்டரிகிட்ட காட்டி, காகூகிட்ட காட்டி, கடைசியா என்கிட்ட காட்டினாரு. காரு காம்பவுண்டுலயே நிக்குது.

"பார்த்தியா, பாஸ் பண்ணிட்டேன்"ன்னாரு.

வாங்கிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பாஸ்னு இருந்த இடத்துல காரோட நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. இவரு பேரும் இல்ல, என் பேரும் இல்ல.