சட்டையில் வந்த துரு

மாமியாரின் காலடிச் சத்தம் கேட்டதும் பூஞ்சை சாருக்கு வேறு வழி தோன்றவில்லை. கிள்ளிய இலையை வாயில் போட்டு மென்றுவிட்டார்.

"காலையிலேயே என்ன மாப்பிள்ளை மெல்றீங்க?"

"மிட்டாய் அத்தை."

"மிட்டாய்க்கா முகம் இப்படிக் கோணுது?"

மென்றதை அவசரமாக விழுங்கினார். அந்த இலையின் அடியில் செம்பழுப்பாகப் புள்ளிகள் இருந்தன. அவற்றை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அவர் வளர்த்த பிள்ளைகள் அவை.

அவருக்கு வேலை களை ஆராய்ச்சி நிலையத்தில். கடல் தாண்டி வந்த ஒரு கொடி வயல், வாய்க்கால், ஏரிக்கரை என்று கண்டதையெல்லாம் போர்த்தி மூச்சுத் திணற வைத்துக்கொண்டிருந்தது. நிலையத்தில் அதற்கு ராட்சசி என்று பெயர். எந்த மருந்துக்கும் மசியவில்லை. பூஞ்சை சார் அதன் சொந்த நாட்டுக்கே போய், அதை மட்டும் பிடிக்கிற துருநோய்ப் பூஞ்சை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். பட்டப்பெயரும் கூடவே வந்தது. வேறு எந்தச் செடியையாவது பூஞ்சை தொட்டால் திட்டமே கிடையாது என்பது விதி. நெல்லில், அவரையில், தோட்டத்துப் பூங்கொடிகளில் எல்லாம் தூவிப் பார்த்தார்கள். ஒன்றையும் தொடவில்லை. அடுத்த வாரம் வயல்களில் விடுவதாக முடிவாகியிருந்தது.

அதுதான் இப்போது பால்கனியில், அவர் மனைவி வைத்த கொடியில் உட்கார்ந்திருந்தது.

மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தக் கொடி ராட்சசிக்குத் தூரத்துச் சொந்தம். இலை அச்சு அசல் அதே ஜாடை. "ஆபீஸ்ல அக்காவோட சண்டை, வீட்டுல தங்கச்சிக்குத் தண்ணியா?" என்று அவளைச் சீண்டுவார். "தங்கச்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க" என்பாள். அவள் போனபின் கொடி பூக்கவில்லை. கிட்டப் போய் நிற்கவே அவருக்கு மனசு வராது. தண்ணீர் ஊற்றுவது, மகள் போனபின் அங்கேயே தங்கிவிட்ட மாமியார். இருவரும் காய்கறியைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். அவளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

தன் சட்டையில் ஒட்டிக்கொண்டுதான் பூஞ்சை வீட்டுக்கு வந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மாமியாருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளினார். கொடி பாதி மொட்டையானது.

"இலையெல்லாம் எங்க மாப்பிள்ளை?"

"ஆடு தின்னிருக்கும்."

"ரெண்டாவது மாடியிலயா?"

மறுநாள் நிலையத்தின் அலமாரியிலிருந்து பூஞ்சைக்கொல்லி மருந்தை எடுத்துப் பைக்குள் நுழைத்தபோது, உதவியாளர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், நோய் பரவணும்னு வருஷக்கணக்கா பாடுபட்டுட்டு இப்போ மருந்தைத் தூக்குறீங்க?"

"சொந்தத் தேவை."

"உடம்புக்கா சார்?" என்று பதறினார் உதவியாளர்.

வீட்டுக்கு வந்த பூஞ்சை சார் அவசரத்தில் மருந்தைக் கெட்டியாகக் கலந்து கொடியில் அடித்துவிட்டார். மிச்சமிருந்த இலைகளின் ஓரம் கருகியது. மாமியார் நிற்காமல் தும்மினார். கீழ்வீட்டுக்காரர் எரிவாயு கசிகிறது என்று கத்திக்கொண்டே குடும்பத்தோடு தெருவில் போய் நின்றார்.

கருகிய கொடிக்கு வெயில் படக்கூடாதென்று கொசுவலையைக் கட்டி, உள்ளே ஈரத்துணி தொங்கவிட்டார்.

"செடியைக் கூடவா கொசு கடிக்குது?" என்றார் மாமியார்.

ஈரமும் புழுக்கமும் இருந்தால் துருநோய்க்குக் கொண்டாட்டம் என்று ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசியவர் அவர்தான். பதற்றத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை. வலையை அவிழ்த்தபோது கொடி முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. தண்டைத் தொட்டதும் கையோடு வந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் அத்தை. என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அவ வச்சதுன்னு மிஞ்சியிருந்தது இது ஒண்ணுதான். அதையும் நானே கொன்னுட்டேன்."

மாமியார் அவரையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "செடிதானே மாப்பிள்ளை, போகட்டும் விடுங்க. வேற ஒண்ணு வச்சுக்கலாம்" என்றார்.

"வேற ஒண்ணா? அது அவ கையால வச்சது அத்தை!"

மாமியார் விருட்டென்று சமையலறைக்குள் போனார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பெற்ற மனசு, தனக்காகத் துக்கத்தை விழுங்குகிறது என்று நினைத்து அவர் மேலும் அழுதார்.

மறுநாள் ஓர் இலையைக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருடைய துருநோய்தான். நேரே இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், பூஞ்சையை வெளியில விடக்கூடாது. பூங்கொடிக்கும் தொத்துது."

"எத்தனை தடவை சோதிச்சோம்! ஒண்ணுமே ஆகலையே?"

"என் வீட்டுல ஆகியிருக்கு. என் மனைவியோட கொடி."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வாயை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியப்போறதில்லை."

"எனக்குத் தெரியுமே சார். இன்னைக்கு என் வீட்டுக் கொடி. நாளைக்கு இன்னொருத்தர் வயல்."

மதியத்துக்குள் திட்டம் கைவிடப்பட்டது. நோயுற்ற செடிகள், வளர்ப்புத் தட்டுகள், கண்ணாடிக் கூண்டுக்குள் பல வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த பூஞ்சை, எல்லாம் பின்கட்டில் குவிந்தன. வேறு யாரையும் விடாமல் அவரே தீ வைத்தார். வேலியில் படர்ந்திருந்த ராட்சசியையும் இழுத்துப் போட்டார். பூஞ்சையின் கடைசித் துளி கருகும்வரை நின்றார். புகை அவர் கண்ணுக்கு நல்ல சாக்காக இருந்தது.

வாசல் காவலாளி வந்து பக்கத்தில் நின்று, வெறுமையாகிவிட்ட வேலியைக் கவலையோடு பார்த்தார்.

"ஒரு துண்டாவது விட்டு வச்சிருக்கலாமே சார்! போன வருஷம் உங்க மாமியார் வந்து, 'பொண்ணு வச்ச கொடி பட்டுப்போச்சு, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு, அதே மாதிரி இலையா ஒண்ணு குடுப்பா'ன்னு இந்த வேலியிலிருந்துதான் வாங்கிட்டுப் போனாங்க. திரும்ப வந்து கேட்டா இப்போ நான் எதைக் குடுப்பேன்?"