எழவு வீட்டில் நான் கட்டிய வாத்து

மதுரையில் பிறந்துவிட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை உருப்படியாகக் கட்டத் தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். (காதுகுத்துக்கே இருபதடியில் பேனர் வைக்கிற ஊர் சார் இது.)

நானும் சேகரும் ஒரே பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார்கள். அறிவியல் கண்காட்சிக்காக அவன் ஒரு பேனருக்கு வாசகம் எழுதினான். ஒரு பக்கம் நம்மூர்க் கண்மாய்களில் நீந்துகிற புள்ளிமூக்கு வாத்து. மறுபக்கம் ஆஸ்திரேலியாவில் கரையான் தின்று பிழைக்கும் நம்பாட். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம், அணிலைவிடக் கொஞ்சம் பெரிசு, அழிந்துகொண்டிருக்கிற இனம். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மாப்ள, நீ வாத்து. எங்க பாத்தாலும் நிக்கிற. நான் நம்பாட். இருக்கும்போதே பாத்துக்க.”

(மூஞ்சியைப் பாரு, நம்பாட்டாம் என்று சிரித்தேன். பாவி நான்.)

பேனர் அச்சாகி வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

அழுதுகொண்டே அதே கடையில் அஞ்சலி பேனரும் போட்டேன். கண்காட்சி பேனரும் அதுவும் ஒரே அளவு, இரண்டையும் அங்கே சுருட்டி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு வில்லாபுரத்தில் இருந்த அவன் வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். பிரித்துப் பார்க்கிற நிதானம் எங்கே இருந்தது? பந்தலுக்கு உள்பக்கம் ஏணி போட்டுக் கட்டியதால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பேனரின் பின்பக்கத்து வெறும் வெள்ளைதான். நாலு முடிச்சையும் இறுக்கிவிட்டு வெளியே வந்தால், தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மேலே வாத்தும் நம்பாட்டும். கீழே கொட்டை எழுத்தில், ‘ஒன்றை எங்கும் காணலாம். மற்றொன்றைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது.’

“எவன்டா அவன், எழவு வீட்டுல வாத்தக் கட்டுனது?” என்று சேகரின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். செத்துவிடலாம் போலிருந்தது. அன்றைக்கு அந்த வாசலில் நின்றுகொண்டு அப்படி நினைக்கவும் வெட்கமாக இருந்தது. அவிழ்ப்பதற்காக மறுபடி ஏணியில் ஏறினேன்.

சேகரின் மனைவி கலா வெளியே வந்தாள். பேனரை இரண்டு தரம் படித்தாள்.

“கழட்டாதீங்கண்ணே. அவரு எழுதுனது. இருக்கட்டும்.”

சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அது பாதியிலேயே அழுகையானது. நானும் ஏணியில் உட்கார்ந்தபடியே அழுதேன். பெரியப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதோடு என் சொந்தப் பெயர் போயிற்று. சேகரின் மகளுக்கு இன்றுவரை நான் வாத்து மாமாதான். பள்ளிக்கூட விழா, காய்ச்சல், சைக்கிள் பஞ்சர் என்று எதற்குப் போய் நின்றாலும், “அம்மா, வாத்து மாமா வந்துட்டாரு. எங்க பாத்தாலும் நிக்கிறாரு” என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அவனைத்தான் எங்கேயும் காணோம்.