சட்டம் காத்த கஞ்சிக்கடை

எங்கள் நாட்டுக்கும் நேச நாட்டுக்கும் இடையே பாதுகாப்பு ஒத்துழைப்பைப் பலப்படுத்தும் சட்டம் தலைநகர் மணிலாவில் நிறைவேறியபோது எங்கள் கடற்கரை ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். யாரும் அதைப் படிக்கவில்லை. ஆகவே யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அடுத்த வாரம் நேச நாட்டுச் சிப்பாய்கள் இருவரும் எங்கள் நாட்டுச் சிப்பாய் ஒருவனும் புரிங் அம்மாளின் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கோழிக்கஞ்சி குடித்தார்கள். புரிங் விதவை. கஞ்சி விற்றுத்தான் அவள் வயிறு நிறைய வேண்டும்.

மூன்றாம் நாள் தியோகிராசியாஸ் என்ற அதிகாரி பூட்டோடு வந்து அவளை வெளியே அழைத்தார்.

“வாழ்த்துகள் அம்மா! இரு படைகளும் சேர்ந்து உணவருந்திய இடம், பதினான்காம் பிரிவுப்படி கூட்டு வழங்கல் தளம். இனிமே பொதுமக்கள் உள்ள போகக்கூடாது.”

“அப்ப யாருய்யா சாப்பிடுறது?”

“படைவீரர்கள்.”

“எப்ப வருவாங்க?”

“அடுத்த பயிற்சிக்கு. ஏப்ரல்ல.”

“இப்ப ஜூன்தானய்யா ஆகுது! சரி, அடுப்பையாவது அணைச்சிட்டு வரேன்.”

“நீங்களும் பொதுமக்கள்தானே?”

“ஐயோ, கஞ்சி கருகுதே!”

“சத்தம் போடாதீங்க. தளத்துக்குள்ள என்ன கருகினாலும் அது ராணுவ ரகசியம்.”

புரிங் தெருவில் நின்றபடியே தன் கஞ்சி தீயும் வாடையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. கடைவாசலில் இரு நாட்டுக் கொடிகள் போட்ட பலகையை ஆணியடித்து மாட்டினார்கள். தளமானால் தார்ச்சாலை வரும் என்று வேறு பேச்சு கிளம்பியது. “அவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்றான் மீன்காரன் தெலெஸ்போரோ. அன்று மாலையே அவன், ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த இரு நாட்டுச் சிப்பாய்களையும் கையைப் பிடித்து இழுத்துவந்து பொரித்த மீன் கொடுத்தான். சவப்பெட்டி செய்பவன் அவர்களைப் படுத்து அளவு பார்க்கச் சொன்னான். நான் முடிதிருத்துபவன், அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்காரவைத்து இலவசமாகச் சவரம் செய்தேன். கூட்டுச் சேவைத் தளம் என்று என் கடைக்கும் பூட்டு விழுந்தது. பெருமையாக இருந்தது.

ஆகஸ்டில் ஊரே தளமாகிவிட்டது. நாங்கள் மழையில் தென்னந்தோப்புக்குள் தார்ப்பாய் கட்டிக் குடியேறினோம்.

இரு நாட்டுத் தளபதிகளும் ஊரைப் பார்வையிட்டார்கள். அவர்களுடைய அறிக்கையைத் தியோகிராசியாஸ் தோப்புக்கு வந்து ஒலிபெருக்கியில் வாசித்தார்: “இவ்வூரின் பாதுகாப்பு பூரணமானது. ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய பொதுமக்கள் ஒருவர்கூட ஊருக்குள் இல்லை.”

நனைந்த கைகளைத் தட்டினோம். புரிங் மட்டும் தட்டவில்லை.

“உனக்கு நாட்டுப்பற்றே கிடையாதா?” என்று அவளைக் கேட்டவன் நான்தான்.