கனகசபை ஐயா கழுவிய ஜீப்

சுருவில்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பும் மரியாதையும் உள்ள குலசிங்கம் மாமாவுக்கு, மருமகன் அனோஜன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மாமியும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவீர்கள் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஜீப் வேண்டாம்.

புங்குடுதீவுக் கனகசபை ஐயா பள்ளிக்கூடத்தில் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் என்பது எனக்குத் தெரியும். "அவனுக்கு என்ன கஷ்டமோ, விக்கப் பாக்கிறான். வேண்டாமெண்டு என்னால சொல்ல ஏலாது. நீ போய்ப் பாத்திட்டு நல்லதெண்டு மட்டும் சொல்லு" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் ஊரோடு வந்து இருக்கப்போகும் நீங்கள், மாமியை முன்சீற்றில் இருத்தி, மாரி மழையில் கடலுக்கு நடுவே தாம்போதியால் ஓடப்போகும் வாகனம் அது. மறுத்தால் அறுபது வருடச் சிநேகிதம் போகும். வாங்கினால் நீங்களே போய்விடுவீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை அனுப்பினீர்கள். நான் மோட்டார் தொழில்நுட்பம் படித்தது இதற்காக அல்ல.

போய்ப் பார்த்தால் ஜீப் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இருபது வருடப் பழசு என்று ஒருவரும் சொல்லமாட்டார். "தம்பி, விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, நானே என்ர கையால கழுவுறனான். எங்கட கிணத்துத் தண்ணி" என்றார் ஐயா. அந்தக் கிணற்றடியில் நான் கை கழுவியிருந்தேன், சவர்க்காரம் நுரைக்கவேயில்லை. உடனே ஜீப்புக்குக் கீழே படுத்தேன். சேசிஸில் ஸ்குறூட்றைவரால் மெல்லக் குத்தினேன், பிடி மட்டும்தான் வெளியே நின்றது. கதவில் காந்தம் வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது; பெயின்ற்றுக்குக் கீழே தகரம் இல்லை, துரு ஓட்டையை அடைத்த பூச்சுத்தான். "காந்தம் பழசாக்கும்" என்றார். அவருடைய இரும்புக் கேற்றில் வைத்தேன், கழற்றுவது பெரும்பாடாகிவிட்டது. பிறகு கடற்கரை மணலில் இறக்கி, நாலு சில்லும் இழுக்கிறதா என்று பார்க்க லீவரைப் பிடித்தால் லீவர் கையோடு வந்தது. "அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை, புத்தம் புதுசு" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, குறை நினையாதையுங்கோ. உங்கட கிணறு சவர். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வாகனத்துக்கு உப்புத்தண்ணி வார்த்திருக்கிறியள். கழுவாமல் விட்டிருந்தால் இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும். மாமாவை நான் இதை வாங்க விடமாட்டன்" என்று நேரே சொன்னேன்.

ஐயா துவாயால் பொனற்றைத் துடைக்கத் தொடங்கினார். சிநேகிதம் முடிந்தது, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மெல்லக் கேட்டார்: "அப்ப விக்கத் தேவையில்லையோ?"

"விக்கவே ஏலாது ஐயா."

"அப்பாடா" என்று கதிரையில் சரிந்துவிட்டார். "நான் அனுப்பின படத்தைப் பாத்திட்டுக் குலம் 'நல்ல ஜீப்' எண்டான். கேக்கிறான் போல எண்டு நினைச்சு, விக்கிறன் எண்டிட்டன். சிநேகிதன் கேட்டு இல்லையெண்டு சொல்லுறதே? நாலு நாளா நித்திரை இல்லைத் தம்பி."

அவர் மனைவி அன்னபூரணம் அன்ரி குசினிக்குள் இருந்து, "இவர் என்னை விட்டிட்டு இருப்பார், உந்த ஜீப்பை விட்டிட்டு இருக்கமாட்டார்" என்றார்.

மாமா, விளங்குகிறதா? அவருக்கு விற்க விருப்பமில்லை, உங்களுக்கு வாங்க விருப்பமில்லை. மரியாதைக்காக இரண்டு பேரும் ஒரு துருப்பிடித்த ஜீப்பைக் கைமாற்றப் பார்த்திருக்கிறீர்கள். நல்லவேளை, எனக்கு மரியாதை தெரியாது. சிநேகிதமும் பிழைத்தது, நீங்களும் பிழைத்தீர்கள். அந்தப் பாரம் இறங்கியதில் இரண்டு நாளாக நான் வயிறாரச் சாப்பிடுகிறேன். ஆறுதலாக வேறு வாகனம் பார்ப்போம்.

மாமிக்கு என் அன்பு. நயினை அம்மன் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அனோஜன்

பி.கு.: அனுப்பப் போகும்போது வாசலில் சத்தம். கனகசபை ஐயா ஜீப்பை ட்றக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். முகப்பில் மல்லிகை மாலை. "தம்பி சொன்னது சரி. இதைச் சிநேகிதனுக்கு விக்கிறது பாவம். ஆசைப்பட்டுக் கேட்டவன், சும்மா குடுக்கிறன்" என்றார். மாமாவுக்கு ஆசையே இல்லை என்று விளக்கினேன். "குலம் அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவான், மரியாதைக்காரன்" என்று கண்ணைத் துடைத்தார். அதற்குள் அம்மா, புது வாகனம் வீட்டுக்கு வந்தால் வைப்பதுபோல, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துவிட்டார். ஜீப் ஸ்ராட் ஆகவில்லை. நானும் ஐயாவும் ட்றக்டர்காரரும் தள்ளித்தான் காயை நசித்தோம். இனி அது உங்களுடையது.